மண் மனிதர் யாருக்கு மாற்று? சீனப் பேரரசர் கல்லறைகளும் மறுமை நம்பிக்கையும்

1. கேள்வி

சீனாவின் முதற்பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படையைப் பற்றிப் பேசும் இடங்களில் ஒரு விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. பழங்காலத்தில் மன்னன் இறந்தால் உயிருள்ள மனிதர்களையும் கொன்று அவனோடு புதைத்தார்கள். காலப்போக்கில் மனிதநேயம் வளர்ந்தது. கொல்லப்பட்ட மனிதர்களின் இடத்துக்கு மரப்பாவைகளும் மண்ணுருவங்களும் வந்தன என்பது அந்த விளக்கம். கேட்க இதமாக இருக்கிறது. வரலாறு கொடுமையிலிருந்து கருணையை நோக்கி நடந்து வந்திருக்கிறது என்ற நம் விருப்பத்துக்கும் ஒத்துப்போகிறது.

இது சான்றுகளோடு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நரபலி குறைந்ததும் உருவங்கள் பெருகியதும் உண்மை. ஆனால் இரண்டையும் கருணை என்ற ஒரே கயிற்றால் கட்ட முடியாது என்பது என் வாதம். உருவங்களின் பெருக்கத்துக்குப் பின்னால் இருப்பது மறு உலகத்தைப் பற்றிய கற்பனையில் நேர்ந்த மாற்றம். மன்னன் தன் பரிவாரத்தோடு போய்ச் சேரும் இடமாக இருந்த மறு உலகம், கி.மு. 4, 3-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி, பதவிகளும் பதிவேடுகளும் முத்திரைகளும் கொண்ட அரசாங்கமாக எண்ணப்படலாயிற்று. உறவுக்கு ஆள் வேண்டும். பதவிக்கு உருவம் போதும்.

2. நிலவும் விளக்கமும் அதன் சான்றுகளும்

முதலில் அந்த விளக்கத்துக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

ஆன்யாங் நகரை ஒட்டிய ஷாங் அரசகுலக் கல்லறைகள் (சுமார் கி.மு. 13 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) 1930-களில் அகழப்பட்டபோது, அரசர்களின் குழிகளிலும் அவற்றைச் சுற்றியிருந்த பலிக்குழிகளிலும் ஏராளமான மனித எலும்புகள் கிடைத்தன. 1976-இல், வூ டிங் மன்னரின் துணைவியரில் ஒருவரான ஃபூ ஹாவின் கல்லறை கொள்ளையரின் கை படாமல் கண்டெடுக்கப்பட்டது. 460-க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருட்கள், 750-க்கும் மேற்பட்ட ஜேட் கற்பொருட்கள், ஆயிரக்கணக்கான சோழிகள் ஆகியவற்றோடு 16 மனிதர்களும் 6 நாய்களும் அதில் இருந்தன.

முதற்பேரரசர் பிறந்த சின் அரசகுலத்திலும் இவ்வழக்கம் வேரூன்றி இருந்தது. கி.மு. 678-இல் இறந்த வூ கோமகனோடு 66 பேரும், கி.மு. 621-இல் இறந்த மூ கோமகனோடு 177 பேரும் சென்றதாக வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுகிறார். ஃபெங்சியாங்கில் அகழப்பட்ட ஜிங் கோமகனின் கல்லறையில் 180-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்திருப்பதால், அந்த எண்களை மிகை என்று ஒதுக்க இயலாது. பிறகு கி.மு. 384-இல், சியான் கோமகன் தம் ஆட்சியின் முதலாண்டிலேயே உடன்புதைத்தலைத் தடை செய்தார்.

தடை வந்து ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்குள், அதே அரசகுலத்தில், லின்டோங்கில் உள்ள முதற்பேரரசரின் கல்லறையை ஒட்டி, சுமார் 8,000 என மதிப்பிடப்படும் மண் வீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஆன்யாங்கில் எலும்புகள், சின் நாட்டில் தடை, லின்டோங்கில் மண்ணுருவங்கள் என மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் கருணையின் பாதை தானாகவே தெரிவது போலிருக்கும்.

3. விளக்கம் இடறும் இடங்கள்

முதல் இடறல் முதற்பேரரசரின் கல்லறையிலேயே இருக்கிறது. கி.மு. 210-இல் அவர் இறந்தபோது, பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களை வெளியே அனுப்புவது தகாது என்று கூறி, இரண்டாம் பேரரசர் அவர்கள் அனைவரையும் உடன்செல்லப் பணித்தார் என்றும், கல்லறையின் இரகசியம் அறிந்த கைவினைஞர்கள் உள்ளே இருக்கையிலேயே வாயில்கள் அடைக்கப்பட்டன என்றும் சிமா சியான் எழுதுகிறார். அவர் எழுதியது நிகழ்வுக்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின். அதுவும் சின் ஆட்சியை அடுத்து வந்து, அதைக் கொடுங்கோலாகக் காட்டுவதில் பயன் கண்ட ஹான் அரசின் காலத்தில். ஆகவே எச்சரிக்கையோடுதான் அவரைப் படிக்க வேண்டும். அவர் மண் படையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதும் கவனத்துக்குரியது. எனினும், கல்லறைக்குள் பாதரசத்தால் ஆறுகளும் கடலும் அமைக்கப்பட்டன என்று அவர் சொன்னதற்கு இசைவாக, 1980-களின் தொடக்கத்தில் புதைமேட்டின் மண்ணைச் சோதித்த அறிவியலாளர்கள் அதன் நடுப்பகுதியில் பாதரச அளவு வெகுவாக உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். நடு அறை இன்றளவும் திறக்கப்படவில்லை. ஆயினும் அந்தப் பெண்களைப் பற்றிய செய்தியைப் புனைவு என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. மண் வீரர்கள் ஒருபுறம் அணிவகுத்து நிற்க, மறுபுறம் உயிருள்ள பெண்கள் உள்ளே போனார்கள் என்றால், எது எதற்கு மாற்று?

இரண்டாவது, பழஞ்சீனச் சிந்தனையாளர்களே உருவங்களை இப்படிப் பார்க்கவில்லை. மனித வடிவிலான ஈமப்பாவைகளை முதன்முதல் செய்தவனுக்குச் சந்ததியே இல்லாமல் போகட்டும் என்று கன்பூசியஸ் சபித்ததாக மென்சியஸ் நூல் சொல்கிறது. பாவை மனிதனைப் போலிருப்பதே குற்றம். மனித வடிவைப் புதைக்கப் பழகிய கை மனிதனையே புதைக்கத் துணியும் என்ற அச்சம் அதில் இருக்கிறது. வைக்கோல் உருவங்களை ஏற்று, மனிதனைப் போன்ற பாவைகளைக் கண்டிக்கும் இதே கருத்து சடங்கியல் நூலிலும் உண்டு. வரலாற்று வரிசையில் கன்பூசிய மரபு பிழைபட்டிருக்கலாம். பலி பாவைக்கு முந்தியது என்பது அகழாய்வில் தெளிவு. ஆனால் அக்காலத்து அறிஞர் ஒருவர் பாவையைக் கண்டு நிம்மதி அடையாமல் நடுங்கினார் என்ற செய்தி, பாவையைக் கருணையின் சின்னமாகக் கொள்வோருக்கு எதிரான வலுவான சாட்சி.

மூன்றாவது, வழக்கம் ஒரே திசையில் நகரவில்லை. மிங் அரசகுலத்தின் முதற்பேரரசர் ஹோங்வூ 1398-இல் இறந்தபோது அவருடைய அந்தப்புரப் பெண்கள் உயிர்விடச் செய்யப்பட்டார்கள். அவருக்கு முன்பே 1389-இல் இறந்த அவருடைய மகன் ஜு டானின் கல்லறையிலோ நூற்றுக்கணக்கான மர உருவங்கள் ஊர்வலமாக நிறுத்தப்பட்டிருந்தன. ஒரே குடும்பத்தில், பத்தாண்டு இடைவெளிக்குள், மரமும் உயிரும் அருகருகே இருந்தன. 1464-இல் இறந்த யிங்சோங் பேரரசர் தம் இறுதி ஆணையில் தடுத்த பிறகுதான் மிங் அரசவையில் அவ்வழக்கம் நின்றது.

இவற்றிலிருந்து ஒரு செய்தி புலனாகிறது. நரபலியை நிறுத்தியவர்கள் அதை ஆணையாகச் சொல்லி நிறுத்தினார்கள். எதிர்த்தவர்கள், அடுத்த பகுதியில் வரும் பாடலில் காண்பது போல், பாடியும் பேசியும் எதிர்த்தார்கள். உருவங்கள் இருப்பதால் இனி மனிதர் வேண்டாம் என்று அவர்களில் எவரும் காரணம் காட்டியதாக இச்சான்றுகளில் இல்லை.

4. பெயருள்ளவர்களும் பெயரற்றவர்களும்

புதைக்கப்பட்ட மனிதர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். சீனத் தொல்லியலாளர் ஹுவாங் ஜான்யுவே போன்றோர் இருவகையினரைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒரு வகையினர் மூதாதையருக்குப் படைக்கப்பட்ட பலிகள். பெரும்பாலும் போர்க்கைதிகளான இவர்கள் தலை வெட்டப்பட்டுக் குழிகளில் தள்ளப்பட்டார்கள். ஷாங் காலத்தில் குறி கேட்கப் பயன்பட்ட எலும்புகளின் எழுத்துகள் இவர்களை ஆடுமாடுகளோடு சேர்த்தே எண்ணுகின்றன. மற்றவர்கள் உடன்சென்றோர். இவர்களுக்குச் சிலபோது தனிச் சவப்பெட்டியும் அணிகலன்களும் உண்டு. படையலாகக் கொல்லப்பட்ட கைதியின் இடத்தை மண்பாவை நிரப்ப முடியாது. மாற்று என்ற பேச்சு எடுபட வேண்டுமானால் அது இரண்டாம் வகையினரிடத்தில்தான்.

அந்த இரண்டாம் வகையினர் யார்? 1978-இல் ஹூபெய் மாநிலத்தின் சுய்ஜோவில் அகழப்பட்ட செங் நாட்டு யீ பிரபுவின் கல்லறையை (சுமார் கி.மு. 433) எடுத்துக்கொள்வோம். 65 வெண்கல மணிகள் கொண்ட இசைத்தொகுதியால் புகழ்பெற்ற இக்கல்லறையில் 21 இளம்பெண்களும் இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சவப்பெட்டி. எட்டுப் பேர் பிரபுவின் அறையிலேயே. பதின்மூவர் மேற்கு அறையில். அறைகளுக்கு இடையிலான மரச்சுவர்களில் சிறு திறப்புகள் விடப்பட்டிருந்தன. பிரபுவின் பெட்டியில் வாயிலும் சன்னலும் வரையப்பட்டிருந்தன. இறந்தவர் அறைக்கு அறை நடமாடுவார், தாம் அறிந்த பெண்களோடு இருப்பார் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கட்டமைப்பிலேயே தெரிகிறது. மூ கோமகனோடு சென்ற 177 பேரில் மூன்று சகோதரர்களைப் பெயர் சொல்லிப் புலம்பும் பாடல் ஒன்று சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகையில் இருக்கிறது. போனவர்கள் குறிப்பிட்ட மனிதர்கள். அவர்களுக்கு ஈடாக வேறு எவரையும் வைக்க முடியாது என்பதே அந்தப் பாடலின் வேதனை.

இனி லின்டோங்குக்கு வருவோம். 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய உழவர்களால் வெளிப்பட்ட முதற்குழி சுமார் 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் கொண்டது. முகங்கள் வேறுவேறாக இருப்பதால் ஒவ்வோர் உருவமும் ஓர் உண்மை வீரனின் சாயல் என்ற கருத்து உண்டு. கலை வரலாற்றாசிரியர் லோதார் லெடரோஸ் அதை ஏற்கவில்லை. தலை, உடல், கை, கால் எனத் தனித்தனி உறுப்பு வகைகளைச் செய்து, பலவாறு இணைத்து, மேலே களிமண் பூசி நுணுக்கம் சேர்த்த தொடர் உற்பத்தி இது என்று அவர் காட்டினார். உருவங்களின் உடலில் எழுத்துகளும் உண்டு. எளிதில் கண்ணில் படாத இடங்களில் முத்திரையாகவோ கீறலாகவோ பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இதுவரை 80-க்கும் மேற்பட்ட பெயர்கள் படிக்கப்பட்டுள்ளன. அவை வீரர்களின் பெயர்கள் அல்ல. வேலையில் குறை இருந்தால் யாரைப் பிடிப்பது என்று அரசு அறிந்துகொள்வதற்காக இடப்பட்ட, செய்வித்த மேற்பார்வையாளர்களின் பெயர்கள்.

இந்த வேறுபாடு அடிப்படையானது. யீ பிரபுவோடு போனவர்கள் ஆட்கள். முதற்பேரரசரின் குழிகளில் நிற்பவை பணியிடங்கள்: வில்லாளி, தேரோட்டி, தளபதி. புதைமேட்டுக்கு அருகே உள்ள வேறொரு குழியில் கிடைத்த அலுவலர் உருவங்களின் இடுப்பில் ஒரு சிறு கத்தியும் சாணைக்கல் பையும் செதுக்கப்பட்டுள்ளன. மூங்கில் ஏட்டில் எழுதிய பிழையைச் சுரண்டித் திருத்துவதற்கான கத்தி அது. எழுத்தர் யார் என்பதைப் பற்றிச் சிற்பிக்கு அக்கறை இல்லை. எழுதுவதற்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பதில் அக்கறை உண்டு.

5. பூமிக்கடியில் ஓர் அரசாங்கம்

மறு உலகம் ஓர் அரசாங்கமாக எண்ணப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்றுகள் ஹான் காலத்தில் தெளிவாகக் கிடைக்கின்றன. சாங்ஷா நகரின் மாவாங்துய் மூன்றாம் கல்லறையில் கிடைத்த மரப்பலகை ஒன்று கி.மு. 168-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இறந்தவரின் வீட்டு அலுவலர், புதைபொருட்களுக்குப் பொறுப்பான கீழுலக அதிகாரிக்கு எழுதிய கடிதம் அது. பொருட்களின் பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன்; பெற்றுக்கொண்டு மேலதிகாரியிடம் சமர்ப்பிக்கவும் என்பது அதன் செய்தி. தேதி, அனுப்புநர், பெறுநர் என உயிருள்ள அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்தின் வாய்பாடு அப்படியே பின்பற்றப்பட்டிருக்கிறது.

பேரரசர் கல்லறைகளிலும் இதே போக்கைக் காணலாம். கி.மு. 141-இல் இறந்த ஹான் அரசகுலத்து ஜிங் பேரரசரின் யாங்லிங் கல்லறையில், புதைமேட்டைச் சுற்றி 81 குழிகள் கதிர்களைப் போலப் பரந்திருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர உருவங்கள், ஆடு, பன்றி, நாய், கோழிகளோடு நிற்கின்றன. அவற்றின் மரக்கைகளும் பட்டாடைகளும் மக்கிப்போனதால் இன்று கையற்ற அம்மண உடல்களாகத் தெரிகின்றன. சில குழிகளில் அரசுத் துறைகளின் முத்திரைகள் கிடைத்ததால், ஒவ்வொரு குழியும் ஓர் அரண்மனைத் துறையைக் குறிக்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது.

இவருடைய தந்தை வென் பேரரசரின் கல்லறை இன்னும் முக்கியமானது. தமக்கு மேடு எழுப்ப வேண்டாம், பொன்னும் வெள்ளியும் செம்பும் வேண்டாம், மட்பாண்டங்கள் போதும் என்று சொன்ன சிக்கன மன்னராக அவரை மரபு போற்றுகிறது. அவருடைய பாலிங் கல்லறை எது என்பது நெடுநாள் தவறாக அறியப்பட்டிருந்தது. சியான் நகருக்கு அருகே ஜியாங்சுன் என்னும் இடத்தில் உள்ள பெருங்கல்லறையே அது என்று 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. மேடு இல்லை என்பது சரியாகவே இருந்தது. ஆனால் சுற்றிலும் 110-க்கும் மேற்பட்ட குழிகள். வண்டிக் கொட்டில், களஞ்சியம் போன்ற துறைகளின் பெயர் தாங்கிய சிறு வெண்கல முத்திரைகள் அவற்றில் கிடைத்தன. சுடுமண் உருவங்கள் சிலவற்றில் தண்டனைத் தளைகளும் இருந்தன.

தளை பூட்டிய மண்ணுருவம் என்னும் இந்தச் சிறு பொருள், கருணை விளக்கத்தின் மீது பெரிய கேள்வியை எழுப்புகிறது. மறு உலக அரசாங்கத்துக்கு அமைச்சரும் எழுத்தரும் வேண்டியிருந்தது போலவே கைதிகளும் வேண்டியிருந்தார்கள். இன்பம் துய்க்கும் இடமாக மட்டும் மறு உலகத்தை எண்ணியிருந்தால் அங்கே தளைக்கு வேலை இல்லை.

அந்த அரசாங்கம் குடிமக்களை எப்படி அச்சுறுத்தியது என்பதை, அரசகுலத்தைச் சேராதவர்களின் கல்லறைகள் சொல்கின்றன. கிழக்கு ஹான் காலத்தில் ஈமக்குழிகளில் வைக்கப்பட்ட சாடிகளில், கீழுலக அதிகாரிகளை நோக்கிச் சிவப்பு மையில் எழுதிய ஆணைகள் உண்டு. கி.பி. 173-ஐச் சேர்ந்த அத்தகைய ஓர் ஆவணம், இறந்தவருக்குப் பதிலாக உழைக்க ஈய உருவம் ஒன்றையும், அவர் பூமிக்கடியில் வரி கட்ட மஞ்சள் அவரை விதைகளையும் பூசணி வகை விதைகளையும் கொடுத்தனுப்புகிறது. மாற்று என்ற எண்ணம் வெளிப்படையாகச் சொல்லப்படுவது இங்கேதான். அந்த ஈய உருவம் கொல்லப்படவிருந்த பணியாளுக்கு மாற்றாக வரவில்லை. கீழுலகின் கட்டாய உழைப்பில் அகப்படப்போகும் இறந்தவருக்கே மாற்றாக வருகிறது. சீனச் சமய ஆய்வாளர் அன்னா சைடல் இத்தகைய ஈம எழுத்துகளைத் தொகுத்து ஆராய்ந்து, பிற்கால தாவோ மதத்தின் அதிகார அடுக்குகள் கொண்ட தெய்வ உலகத்துக்கு இங்கே வேர் உண்டு என்று காட்டினார்.

6. எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம்.

ஒன்று, எல்லாமே அலுவலகம் அல்லவே என்பது. முதற்பேரரசரின் வளாகத்தில் கழைக்கூத்தர்களின் உருவங்கள் உண்டு. நீர்க்கரையில் நிற்பது போன்ற வெண்கல அன்னங்களும் நாரைகளும் உண்டு. மாவாங்துய் முதற்கல்லறையில் கிடைத்த பட்டுத் திரையில், ஊன்றுகோலோடு நிற்கும் சீமாட்டி ஒருவர் கீழுலகுக்கும் வானுலகுக்கும் நடுவே தீட்டப்பட்டிருக்கிறார். வரலாற்றாசிரியர் யூ யிங்-ஷி இதை ஆவிக் கொள்கையோடு இணைத்தார். மனிதனுக்கு இரண்டு ஆவிகள். ஒன்று விண்ணேகும், மற்றது உடலோடு மண்ணில் தங்கும் என்பது அக்கொள்கை. ஆய்வாளர் பிரஷியர் 1996-இல் எழுதிய கட்டுரையில், இந்தப் பிரிவினை அறிஞர்களின் நூல்களில் உள்ள அளவுக்கு மக்களின் ஈமவழக்கில் இல்லை என்று மறுத்தார். மூன்றாம் கல்லறையில் கீழுலக அதிகாரிக்கான கடிதமும் விண்ணேறும் ஓவியமும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருந்தன என்பது, நம்பிக்கை ஒரே கோட்பாடாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆகவே அரசாங்கம் என்பது மறுமைக் கற்பனை முழுவதும் அன்று. உருவங்களின் பெருக்கத்தோடு நேரடியாகப் பொருந்தும் பகுதி அதுதான் என்பதே நான் கோருவது.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கல்லறை கட்டியவர்கள் இதையெல்லாம் உண்மையில் நம்பினார்களா? கன்பூசியச் சிந்தனையாளர் சுன்சி, ஈமச்சடங்கைத் துயரத்துக்கு வடிவம் கொடுக்கும் மனிதச் செயலாகவே கண்டார். உடன்வைக்கும் பொருட்கள் பயன்படுத்தத் தகுதியற்றவையாக இருப்பதே முறை என்றார். கி.பி. முதல் நூற்றாண்டில் சிந்தனையாளர் வாங் சோங், இறந்தவருக்கு அறிவே இல்லை என்று வாதிட்டார். முதற்பேரரசர் இளைஞராக இருந்தபோது தலைமை அமைச்சராக இருந்த லூ புவெய் தொகுப்பித்த நூல், அழியாத நாடும் இல்லை, தோண்டப்படாத கல்லறையும் இல்லை என்ற பொருளில் ஆடம்பரப் புதைப்பைக் கண்டிக்கிறது. அதே லூ புவெய்யின் பெயர் பொறித்த வெண்கல ஆயுதங்கள் மண் வீரர்களின் குழியில் கிடைத்திருக்கின்றன. ஐயமும் ஆடம்பரமும் ஒரே அரசவையில் குடியிருந்தன.

இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை. அலுவலகங்களை மண்ணில் அமைப்பதற்குத் தனிமனிதரின் ஆழ்ந்த நம்பிக்கை தேவைப்படவில்லை. அரசு நடைமுறை என்ற பழக்கமே போதுமானதாக இருந்தது. உருவம் உண்மைப் பொருளின் ஆற்றலைத் தன்னளவில் கொண்டது என்று அக்காலத்தார் கருதினார்கள் என்பது கலை வரலாற்றாசிரியர் ஜெசிகா ராசனின் வாதம். அதை முழுமையாக ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், எதற்கெல்லாம் உருவம் செய்யலாம் என்று தீர்மானித்தது ஆட்சிமுறைதான்.

7. முடிவு

மண்ணுருவம் யாருக்கு மாற்று என்ற கேள்விக்கு, பதவிக்கு மாற்று என்பதே சான்றுகள் தரும் விடை. ஆளை எண்ணாகவும் பணியிடமாகவும் காணப் பழகிய அரசுக்கு, அந்தப் பணியிடத்தில் மண்ணை நிறுத்துவது எளிதாயிற்று. அந்தரங்க உறவை எதிர்பார்த்த இடத்தில், அதாவது அந்தப்புரப் பெண்களின் விஷயத்தில், உருவம் போதுமானதாகத் தோன்றவில்லை. கி.மு. 210-இலும் கி.பி. 1398-இலும் உயிர்கள் போனது அதனால்தான்.

கருணை விளக்கத்தை நாம் கைவிட வேண்டியதற்கு அறம் சார்ந்த காரணமும் உண்டு. முதற்பேரரசரின் கல்லறைப் பணிக்கு 7,00,000 பேர் கொண்டுவரப்பட்டதாகச் சிமா சியான் சொல்கிறார். அந்த எண்ணை நேரடியாகச் சரிபார்க்க வழியில்லை. ஆனால் வளாகத்தை ஒட்டி ஜாவ்பெய்ஹு சிற்றூரில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் புதைகுழிகள் கண்டறியப்பட்டன. அவற்றிலிருந்த உடைந்த கூரையோடுகளில், தொலைதூர ஊர்களிலிருந்து வந்து இறந்தவர்களைப் பற்றிய எழுத்துகள் இருந்தன: இன்ன ஊரான், இன்ன பெயரான், சிலரிடத்தில் கடனைத் தீர்க்க உழைக்க வந்தவன் என்ற குறிப்பு. யாங்லிங்கை ஒட்டியும் 1972-இல் இரும்புத் தளையோடு புதைக்கப்பட்ட கைதிகளின் எலும்புகள் கிடைத்தன. மண் வீரனையும் அவனைச் சுமந்த கடனாளியையும் ஒரே ஆட்சிமுறைதான் உண்டாக்கியது. உடன்புதைத்தலால் இறந்தவர்களை நூற்றுக்கணக்கில் எண்ணி, அவர்களுக்குப் பதிலாகப் பாவை வந்தது என்று மகிழும்போது, பாவைகளை உண்டாக்கும் வேலையில் இறந்தவர்கள் நம் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

கருணைக்கு உரிய பெருமையை அது உண்மையில் வெளிப்பட்ட இடத்தில் வைப்போம். மூன்று சகோதரர்களின் பெயரைச் சொல்லி அழுத முகமறியாப் பாடகர், கி.மு. 384-இன் தடை, 1464-இன் இறுதி ஆணை ஆகியவை அதற்குச் சாட்சி. மனிதரின் சாவுக்கு எதிராக மனிதர்கள் வெளிப்படையாக எடுத்த முடிவுகள் அவை. சுடுமண் படை வேறொன்றுக்குச் சாட்சி: தன் ஆட்சிக்கு எல்லை உண்டு என்பதை மரணத்திலும் ஏற்க மறுத்த அரசு எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு விலை கொடுத்து, அந்த மறுப்பை மண்ணுக்குள் நிறைவேற்றியது என்பதற்கு.